பழைய படகில் குடியேற நினைக்கும் காஞ்சிபுரத்துப் பிள்ளைகளுக்கு

லண்டனிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் வேலைக்கும் படிப்புக்கும் போயிருக்கும் நம் ஊர்த் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

பிள்ளையார்பாளையத்திலிருந்து அண்ணன் எழுதுகிறேன்.

சில மாதங்களாக உங்களில் பலர் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். ஈஸ்ட் ஹாமிலோ வெம்பிளியிலோ ஓர் அறைக்குக் கொடுக்கிற வாடகையிலேயே சம்பளம் கரைந்துவிடுகிறது, ஊருக்கு அனுப்ப மிச்சம் நிற்பதில்லை, பழைய மோட்டார் படகு ஒன்றை வாங்கிக் கால்வாயில் கட்டி அதிலேயே குடியிருந்துவிட்டால் என்ன, அண்ணே? ஒவ்வொருவருக்கும் போனில் சொல்வதில் பாதி காற்றோடு போகிறது. அதனால் எல்லோருக்கும் பொதுவாக, எழுத்தில் சொல்லிவிடுகிறேன்.

என் தொழில் உங்களுக்குத் தெரியும். காமாட்சியம்மன் கோயிலுக்கும் வரதர் கோயிலுக்கும் வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு அம்பாசடர் டாக்சிகள் ஓடிய காலத்தில், அவற்றின் டீசல் என்ஜினைப் பிரித்துக் கோக்கப் பழகியவன் நான். பிறகு மேற்கு லண்டனில், கிராண்ட் யூனியன் கால்வாய்க் கரையில் இருந்த ஒரு படகுப் பட்டறையில் பல வருடம் வேலை பார்த்தேன். நல்ல படகில் நிம்மதியாக வாழ்ந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். சேமிப்பு முழுவதையும் தண்ணீருக்குள் விட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டாவது வகையில் நம் பிள்ளை ஒருவரும் சேரக்கூடாது என்பதுதான் இந்த மடலின் நோக்கம்.

முடியுமா என்று கேட்டால், முடியும். நம் ஊரில் தண்ணீரில் மிதக்கிறது என்றால் தை, மாசியில் விடும் தெப்பம்தான். வேகவதியில் கால் நனைக்கவே தண்ணீர் இருப்பதில்லை. படகு வீடு என்றால் ஆலப்புழையும் காஷ்மீர் தால் ஏரியும்தான் நமக்கு நினைவு வரும், அவை சுற்றுலாவுக்கு. இங்கிலாந்தில் கதையே வேறு. நிலக்கரியும் சரக்கும் ஏற்றிச் செல்ல 18, 19ஆம் நூற்றாண்டுகளில் வெட்டிய கால்வாய்கள் இன்றும் உயிரோடு இருக்கின்றன. 2012 முதல் கனால் அண்ட் ரிவர் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை அவற்றில் ஏறத்தாழ 3,200 கிலோமீட்டரைப் பராமரிக்கிறது. அந்த நீர்வழிகளில் இருக்கும் படகுகள் 35,000க்கு மேல். அவற்றில் கணிசமானவை குடும்பம் நடத்தும் வீடுகள். ஆல்பர்ட்டனில் நீங்கள் வெண்டைக்காயும் முருங்கைக்காயும் வாங்கப் போகும் ஈலிங் ரோடு, கிராண்ட் யூனியனின் பேடிங்டன் கிளையைக் கடந்துதான் போகிறது. அடுத்தமுறை அங்கே நின்று கீழே பாருங்கள். புகைபோக்கி வைத்த, கூரையில் விறகும் சைக்கிளும் அடுக்கிய நீள நீளமான இரும்புப் படகுகள் தெரியும். அவைதான் நேரோபோட்.

தறி போட்ட வீட்டில் வளர்ந்தவர்கள் நீங்கள். தறி இருக்கும் கூடத்திலேயே சாப்பிட்டு, அங்கேயே பாய் விரித்துப் படுத்தவர்கள். அந்தப் படகின் ஏழடி அகலம் உங்களைப் பயமுறுத்தாது. பயப்பட வேண்டியவை வேறே.

படகைத் தேடுவதற்கு முன் அதை எங்கே கட்டப்போகிறோம் என்று முடிவு செய்யுங்கள். விளம்பரப் படத்தைப் பார்த்து மயங்கி அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, பிறகு இடம் தேடுகிறவர்களே அதிகம். இங்கிலாந்துக் கால்வாயில் படகு வைக்க லைசென்ஸ் வேண்டும். 1995ஆம் ஆண்டுச் சட்டப்படி அதற்கு மூன்று வேண்டும்: பாதுகாப்புச் சான்று, இன்ஷூரன்ஸ், மூன்றாவதாக, ஒன்று நிலையான கட்டுமிடம், இல்லையென்றால் தொடர்ந்து பயணம் செய்துகொண்டே இருக்கும் ஒப்புதல். கட்டுமிடம் இல்லாதவர்கள் ஓரிடத்தில் 14 நாளுக்கு மேல் தங்கக்கூடாது. பதினைந்தாம் நாள் கொஞ்சம் தள்ளிக் கட்டிவிட்டுத் திரும்பவும் பழைய இடத்துக்கே வரும் ஆட்டம் செல்லாது. ஆண்டு முழுக்கப் படகு எங்கெங்கே போயிருக்கிறது என்று அறக்கட்டளை குறித்துக்கொண்டே இருக்கும். லைசென்ஸ் இல்லாமல் நிற்கும் படகை அப்புறப்படுத்தும் அதிகாரம் 1983ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. அது உங்கள் வீடு என்பதால் அந்த அதிகாரம் இல்லாமல் போவதில்லை. நிலையான கட்டுமிடம் இல்லாதவர்களுக்கு 2024 ஏப்ரல் முதல் லைசென்ஸ் கட்டணத்தோடு கூடுதல் கட்டணமும் சேர்ந்திருக்கிறது. அது ஆண்டுதோறும் ஏறும்படி வைத்திருக்கிறார்கள்.

ஆகவே உங்கள் வேலை எப்படி என்று பாருங்கள். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்ப்பவருக்கு நகரும் வாழ்க்கை ஒத்துவரும். மருத்துவமனையில் இரவு ஷிப்ட் பார்க்கும் தங்கைக்கு ஒத்துவராது. இந்த மாதம் டாட்டன்ஹாமில் கட்டிய படகு அடுத்த மாதம் ரிக்மன்ஸ்வொர்த்தில் நிற்கும். விடிகாலையில் அங்கிருந்து எந்த ரயிலைப் பிடிப்பது? நிலையான கட்டுமிடம் வாங்கலாம். ஆனால் அதிலும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. படகு நிறுத்தும் துறைகளான மரீனாக்களில் பெரும்பாலானவற்றில் கொடுப்பது ஓய்வுக்கால இடம். அங்கே படகை வைக்கலாம், குடியிருக்க உரிமை கிடையாது. குடியிருக்க அனுமதியுள்ள இடம் லண்டனில் அரிது, வாடகையும் அதிகம். அந்த வாடகையைக் கூட்டிப் பார்த்தால் உங்கள் கணக்கில் மிச்சம் என்று எழுதியது பாதியாகிவிடும்.

முகவரி விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஸ்பான்சர் விசாவில் இருக்கிறவர்களின் வசிப்பிட முகவரியை அவர்களை வேலைக்கு வைத்த நிறுவனம் பதிவில் வைத்திருக்க வேண்டும். நகரும் படகுக்குத் தபால் முகவரி இல்லை. வாங்குவதற்கு முன்பே நிறுவனத்தின் மனிதவளப் பிரிவிடம் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். நண்பன் வீட்டு முகவரியைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். விசாவில் பொய்க்கு இடம் கொடுக்கக்கூடாது. டாக்டரிடம் பதிவு செய்வதற்கு மட்டும் கவலை வேண்டாம், முகவரிச் சான்று இல்லாமலே ஜிபியிடம் பதியலாம்.

இனி படகுக்கு வருவோம். குறைந்த பணத்தில் உங்கள் கண்ணில் முதலில் படுவது பைபர் படகு. 1960களிலிருந்து 80கள் வரை இங்கிலாந்தில் ஏராளமாகச் செய்தார்கள். நார்மன், ஃப்ரீமேன், டான்கிராஃப்ட், ஷெட்லண்ட் என்று பெயர்கள் வரும். சில ஆயிரம் பவுண்டிலேயே கிடைக்கும். பார்க்க அழகு, துருப் பிடிக்காது. ஆனால் அவை கோடை விடுமுறைக்குச் செய்தவை. சுவர் மெல்லியது, குளிர் தாங்கும் உறை இல்லை, பலவற்றில் நிமிர்ந்து நிற்கவும் முடியாது. ஜனவரியில் உள்ளே நீங்கள் விடும் மூச்சே சுவரில் தண்ணீராக வழியும். மெத்தையின் அடியில் பூஞ்சை பிடிக்கும். பைபருக்குள் நீர் ஊறிக் கொப்புளம் போடும் நோயும் உண்டு, ஆஸ்மோசிஸ் என்பார்கள். அவ்வளவு பழைய படகுக்கு அதைச் சரிசெய்கிற செலவு படகின் விலையைத் தாண்டிவிடும். தனி ஆளாக, ஒரு கோடைக்கு, சரி. குளிர்காலக் குடித்தனத்துக்கு நான் சம்மதம் சொல்ல மாட்டேன்.

இன்னொரு பக்கம் வைட்பீம் என்று அகலப் படகு. பத்துப் பன்னிரண்டு அடி அகலம், உள்ளே போனால் வீடு என்றே தோன்றும். லண்டனின் ரீஜன்ட்ஸ் கால்வாயிலும் லீ ஆற்றிலும் படகை ஏற்றி இறக்கும் லாக்குகள் அகலமானவை என்பதால் அங்கே ஓடும். ஆனால் மிட்லண்ட்ஸ் பக்கத்துக் கால்வாய்கள் பலவற்றில் லாக்கின் அகலம் ஏழடிதான். அங்கே நுழையவே முடியாது. லைசென்ஸ், கட்டுமிடம், கிரேன் எல்லாமே அகலத்துக்கு ஏற்ப ஏறும். சின்ன முதலுக்கு இது வேண்டாம்.

என் தேர்வு 40 முதல் 50 அடி நீளமுள்ள இரும்பு நேரோபோட். அகலம் 6 அடி 10 அங்குலம். 57 அடிக்குள் இருந்தால் நாட்டின் ஏறக்குறைய எல்லாக் கால்வாய்களிலும் போகலாம். நீளம் குறைந்தால் லைசென்ஸ் கட்டணம் குறையும், அடியில் தார் பூசும் செலவு குறையும், ஒருவரே ஓட்டித் திருப்புவதும் எளிது. இரண்டு பேருக்கு 45 அடி போதும். பெரிய படகாக, பழுதாக, மலிவாகக் கிடைப்பதைவிடச் சின்னதாக, திடமாக இருப்பதையே எடுங்கள்.

இப்போது இந்த மடலில் மிக முக்கியமான பகுதி. படகின் அடிக்கூடு.

உங்கள் அம்மாக்களும் அத்தைகளும் பட்டு எடுக்கும்போது என்ன செய்வார்கள்? கடைக்காரர் விரித்துக் காட்டும் முந்தியை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் புடவையைத் திருப்புவார்கள். பின்பக்க நெசவைப் பார்ப்பார்கள். ஜரிகையை நகத்தால் சுரண்டி உள்ளே சிவப்புப் பட்டு நூல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். படகு வாங்கும்போதும் அந்தச் சுரண்டல் ஒன்று உண்டு, அதைச் செய்யாமல் யாரும் பணம் கொடுக்கக்கூடாது. படகைத் தண்ணீரிலிருந்து முழுதாக வெளியே எடுத்து, சுத்தம் செய்து, சர்வேயர் ஒருவர் இரும்புத் தகட்டின் கனத்தை அல்ட்ராசோனிக் கருவியால் அடி அடியாக அளக்க வேண்டும். நல்ல நேரோபோட்டைக் கட்டும்போது அடித்தகடு 10 மில்லிமீட்டர், பக்கத்தகடு 6, மேல்கூண்டு 4 என்று போடுவது வழக்கம். விளம்பரத்தில் 10/6/4 என்று எழுதியிருப்பது இதைத்தான். ஆனால் அது படகு பிறந்தபோது இருந்த கனம். முப்பது வருடத்தில் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதுதான் கேள்வி. நீர்மட்டத்தை ஒட்டிய பட்டையில், காற்றும் தண்ணீரும் மாறி மாறிப் படும் இடத்தில், குழி குழியாக அரிக்கும். உள்பக்கம் அடிப்பள்ளமான பில்ஜில் மழைத் தண்ணீர் தேங்கிய படகு உள்ளிருந்தும் அரிக்கும். இந்த இரண்டும் வெளியே நின்று பார்த்தால் தெரியாது. தகடு 4 மில்லிமீட்டருக்குக் கீழே போய்விட்டால் பல இன்ஷூரன்ஸ் நிறுவனங்கள் முழுக் காப்பீடு தரத் தயங்கும்.

நான் பட்டறையில் இருந்த காலத்தில் ஒரு தமிழ்த் தம்பதி புதிதாக வாங்கிய படகைத் தார் பூச ஓட்டி வந்தார்கள். உள்ளே புதுத் தரை, புதுச் சமையல் மேடை, சுவரெல்லாம் வெள்ளைப் பெயிண்ட், ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை. இருவர் முகத்திலும் அவ்வளவு சந்தோஷம். கிரேனில் தூக்கி, அழுத்தத்தோடு தண்ணீரைப் பீய்ச்சினோம். பாசியோடு துருவும் பாளம் பாளமாக உதிர்ந்தது. நீர்மட்டத்தில் இரண்டரை மில்லிமீட்டர்கூட இல்லாத இடங்கள் இருந்தன. விற்றவர் அடிக்கூட்டுக்குச் செய்ய வேண்டிய செலவைத் திரைக்கும் பெயிண்டுக்கும் செய்திருக்கிறார். சர்வே எடுத்தீர்களா என்று கேட்டேன். "பாதுகாப்புச் சான்று இருக்கிறதே, அது போதும் என்று சொன்னார்கள்" என்றார் அந்தப் பெண்.

அது போதாது, பிள்ளைகளே. போட் சேஃப்டி ஸ்கீம் என்ற அந்தச் சான்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை எடுப்பது; கேஸ் குழாய், மின்கம்பி, எரிபொருள் தொட்டி, தீயணைப்பான், காற்றோட்டம் இவற்றைத்தான் பார்க்கிறது. அடிக்கூட்டின் கனத்தை அது அளப்பதே இல்லை. ஓட்டை விழும் நிலையில் இருக்கும் படகுக்கும் அந்தச் சான்று கிடைக்கலாம்.

சர்வேயரை நீங்களே பிடியுங்கள். விற்பவரோ தரகரோ பரிந்துரைக்கும் ஆள் வேண்டாம். விற்பவரிடம் இருக்கும் பழைய சர்வே அறிக்கையையும் நம்பி வாங்க வேண்டாம். ஒய்டிஎஸ்ஏ, ஐஐஎம்எஸ் என்று சர்வேயர்களின் சங்கங்கள் இருக்கின்றன, அவற்றின் உறுப்பினரா என்று கேளுங்கள். அட்வான்ஸ் கொடுக்கும்போது ஒப்பந்தத்தில் சர்வே திருப்தியாக இருந்தால்தான் வாங்குவேன், இல்லையென்றால் பணம் திரும்ப வேண்டும் என்ற வரி இருக்க வேண்டும். கிரேனுக்கும் சர்வேக்கும் ஆகும் செலவு வாங்குகிறவர் தலையில்தான். படகு சரியில்லை என்று தெரிந்து திரும்பிவிட்டால் அந்தப் பணம் வீண் என்று நினைக்காதீர்கள். அந்தப் படகை வாங்காமல் விட்டதில் பத்து மடங்கு மிச்சம். சர்வேக்குப் பணம் ஒதுக்க முடியாத நிலை என்றால், படகு வாங்கும் நிலை உங்களுக்கு இன்னும் வரவில்லை.

தேய்ந்த தகட்டின் மேல் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்திருப்பதாகச் சிலர் பெருமையாகச் சொல்வார்கள். அதில் தவறில்லை, யார் செய்தது, எந்த வருடம், பில் இருக்கிறதா என்று கேளுங்கள். தார் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை பூசியிருக்க வேண்டும், அரிப்பைத் தன்மேல் வாங்கிக்கொள்ள அடியில் பற்றவைக்கும் மக்னீசியக் கட்டிகளை மாற்றியிருக்க வேண்டும். தேதியிட்ட பில்களை அடுக்கி வைத்திருக்கும் உரிமையாளர் படகைப் பார்த்துக்கொண்டவர். வாய்வார்த்தையாகச் சொல்லுகிறவரின் படகில் இன்னும் ஒருமுறை கூர்ந்து பாருங்கள்.

அடுத்து என்ஜின். இதில் நமக்கு ஓர் உறவு உண்டு, சொல்லும்போதே எனக்கு உற்சாகம் வருகிறது. எழுபது எண்பதுகளில் கட்டிய நேரோபோட்டுகள் பலவற்றில் இருப்பது பிஎம்சி 1.5 டீசல், 1,489 சிசி. 1980இல் அம்பாசடரில் டீசல் வந்ததே, அதே என்ஜின் குடும்பம்தான். பட்டறையில் முதல் நாள் என்ஜின் மூடியைத் திறந்ததும் நான் கண்டது காஞ்சிபுரம் டாக்சி ஸ்டாண்டில் பிரித்துக் கோத்த அதே இரும்பை. எண்ணெய் கொஞ்சம் ஒழுக்கும், சத்தம் போடும், ஆனால் பொறுமைசாலி. அதற்கான உதிரிகள் இங்கிலாந்தில் இன்னும் கிடைக்கின்றன, அதைத் தெரிந்த மெக்கானிக்குகளும் இருக்கிறார்கள். பிற்காலப் படகுகளில் பீட்டா மரீன் இருக்கும். அதன் உடம்பு குபோட்டா, தஞ்சாவூர் வயல்களில் பார்க்கிற பெயர். இசுசுவும் நல்லது. பெயர் தெரியாத, உதிரி கிடைக்காத பழங்கால என்ஜினை, எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், ரசித்துவிட்டு நகருங்கள்.

பார்க்கப் போகும் நாளில் என்ஜினை முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் கையை வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால்தான் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். குளிர்ந்த என்ஜின் எப்படி எழுந்திருக்கிறது என்பதில் பாதி உண்மை தெரிந்துவிடும். முதலில் கொஞ்சம் வெள்ளைப் புகை வந்து அடங்கினால் பரவாயில்லை. அடங்காமல் வந்தால் இன்ஜெக்டரோ கம்ப்ரஷனோ சரியில்லை. நீலப் புகை என்றால் எண்ணெய் எரிகிறது. கரும்புகை என்றால் சுமைக்குத் திணறுகிறது, அல்லது காற்று போதவில்லை. எண்ணெய்க் கம்பியை உருவிப் பாருங்கள். பால் கலந்த காபி நிறம் இருந்தால் தண்ணீர் சேர்ந்திருக்கிறது, அங்கேயே பேச்சை முடித்துவிடலாம். அரை மணி நேரமாவது ஓட்டிப் பாருங்கள். சூடு ஏறி ஓரிடத்தில் நிற்கிறதா, கியர் முன்னும் பின்னும் இழுக்காமல் விழுகிறதா, சுழலித் தண்டு வெளியே போகும் இடத்தில் சொட்டுவது அளவாக இருக்கிறதா என்று கவனியுங்கள். அங்கே பக்கத்தில் வீட் ஹேட்ச் என்று ஒரு மூடி இருக்கும், சுழலியில் சிக்கிய குப்பையை எடுப்பதற்கு. அதன் ரப்பர் வாரைத் தடவிப் பாருங்கள். அந்த மூடியைச் சரியாகப் போடாமல் என்ஜினை ஓட்டி மூழ்கிய படகுகள் உண்டு.

உள்ளே வாழ்வதைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது, நம் சமையலிலிருந்து தொடங்குகிறேன். 750 வாட் மிக்ஸியை 12 வோல்ட் பேட்டரியிலிருந்து ஓட்டினால் 60, 70 ஆம்பியர் இழுக்கும். ஓடத் தொடங்கும் அந்த நொடியில் இன்னும் அதிகம். குறைந்தது 1,500 வாட் ப்யூர் சைன் இன்வெர்ட்டரும், அதைத் தாங்கும் கனமான கம்பியும், நல்ல பேட்டரியும் இல்லாமல் சட்னி அரைக்க முடியாது. சோற்றுக்கு ரைஸ் குக்கர் வேண்டாம், குக்கரை கேஸில் வையுங்கள். இட்லி ஆவி முழுவதும் குளிர்ந்த கூரையில் படிந்து சொட்டும், அதனால் அடுப்புக்கு மேலே காற்றுப்போக்கி வேலை செய்கிறதா என்று பாருங்கள். டிசம்பரில் லண்டனில் நான்கு மணிக்கு முன்பே இருட்டிவிடும். கூரையில் இருக்கும் சோலார் தகடு பெயருக்குத்தான். என்ஜினை ஓட்டித்தான் பேட்டரி ஏற்ற வேண்டும், இரவு 8 முதல் காலை 8 வரை ஓட்டக்கூடாது என்பது விதி. வேலை முடித்து ஒன்பது மணிக்கு வருகிறவர் எப்போது ஏற்றுவார் என்பதை இப்போதே யோசியுங்கள்.

கேஸில் ப்ரொபேன் வாங்குங்கள், சிவப்பு சிலிண்டர். பியூட்டேன் உறைநிலைக்கு அருகில் ஆவியாகாமல் நின்றுவிடும், விடிகாலையில் காபி போட முடியாது. கேஸ் காற்றைவிடக் கனம். வீட்டில் கசிந்தால் கதவு வழியே வெளியேறும், படகில் கசிந்தால் அடியில் போய்த் தேங்கும். ஆகவே சிலிண்டர் வைக்கும் பெட்டி படகின் உட்புறத்தோடு தொடர்பில்லாமல், அடியில் வெளியே திறக்கும் துளையோடு இருக்க வேண்டும். குளிருக்கு விறகு, நிலக்கரி அடுப்பு சிறந்தது, ஆனால் அதன் நச்சுவாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. படகுகளில் கார்பன் மோனாக்சைடு அலாரம் 2019 ஏப்ரல் முதல் கட்டாயம். விற்பவர் விட்டுச்சென்ற பழைய அலாரத்தை நம்பாமல், குடியேறும் நாளிலேயே புதிதாக இரண்டு வாங்கி மாட்டுங்கள். குளிருகிறது என்று காற்றுத்துளைகளைத் துணி வைத்து அடைக்கவே கூடாது.

கழிப்பறை பற்றிக் கேட்க உங்களில் பலருக்குக் கூச்சம். கூச்சப்பட வேண்டாம், தினமும் வாழப்போவது நீங்கள். பெட்டி வகையை நீங்களே சுமந்துபோய்க் கொட்டும் இடத்தில் கொட்டிக் கழுவ வேண்டும். தொட்டி வகைக்குப் பணம் கொடுத்து உறிஞ்சி எடுக்க வேண்டும்; கால்வாய் உறைந்தால் அந்த இடத்துக்குப் படகு போகாது. சின்ன முதலுக்கு, கைவசம் ஓர் உபரிப் பெட்டியோடு, முதல் வகை.

காகிதங்களில் ஒன்று உங்களை ஆச்சரியப்படுத்தும். நம் ஊரில் டூவீலருக்கே ஆர்சி புத்தகம் உண்டு. அங்கே கால்வாய்ப் படகுக்குக் கட்டாய உரிமைப் பதிவேடு கிடையாது. லைசென்ஸ் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர் என்பதும் இல்லை. அதனால் பழைய விற்பனைப் பத்திரங்களின் சங்கிலியைக் கேளுங்கள், படகின்மேல் கடன் நிற்கிறதா என்று எழுத்தில் உறுதி வாங்குங்கள். 1998 ஜூன் 16க்குப் பிறகு கட்டிய படகு என்றால் ஐரோப்பியப் படகு விதிகளுக்குப் பொருந்தும் சான்றும் இருக்க வேண்டும். படகை நேரில் பார்க்காமல், பலர் கேட்கிறார்கள், இன்றே அட்வான்ஸ் போடு என்று யார் சொன்னாலும் போடாதீர்கள்.

பணக் கணக்கு. கையில் பத்துப் பங்கு இருந்தால் ஆறரை அல்லது ஏழு பங்குக்குள் படகை முடியுங்கள். மீதி சர்வே, கிரேன், முதல் வருட லைசென்ஸ், இன்ஷூரன்ஸ், பேட்டரி, தார், எதிர்பாராமல் வரும் வெல்டிங் என்று போய்விடும். படகுக்கு வீட்டுக் கடன் கிடைக்காது. கிடைக்கும் மற்றக் கடன்களுக்கு வட்டி அதிகம். உங்களில் சிலர் ஊரில் வீட்டுப் பத்திரத்தை வைத்தும் அம்மாவின் நகையை வைத்தும் பணம் புரட்ட யோசிப்பதாகக் கேள்விப்பட்டேன். கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், அதை மட்டும் செய்யாதீர்கள். தறியில் கூலிக்கு உட்கார்ந்து சேர்த்த நகை அது. வீடு விலை ஏறும், படகு விலை இறங்கும். ஏறுகிறதை அடகு வைத்து இறங்குகிறதை வாங்கக்கூடாது.

விசாவையும் சேர்த்துப் பாருங்கள். படிப்பு முடித்த கையோடு கிடைக்கும் குறுகிய கால விசாவில் இருக்கிறவர்கள் வாங்க வேண்டாம் என்பதே என் முடிவு. திடீரென்று ஊர் திரும்ப வேண்டிவந்தால் சில வாரங்களில் படகை விற்க வேண்டும். அவசரத்தில் விற்கிறவனின் படகுக்கு என்ன விலை கிடைக்கும் என்பதைப் பட்டறையில் நான் நேரில் பார்த்திருக்கிறேன். குறைந்தது மூன்று வருடம் அந்த நாட்டில் உறுதியாக இருக்கப்போகிறவர்களுக்கு மட்டும்தான் இந்தக் கணக்கு தேறும். மிச்சம் பிடிப்பதைத் தவிர வேறு ஆசை எதுவும் இல்லை என்றாலும் வேண்டாம். தண்ணீர் நிரப்பி, விறகு பிளந்து, மழையில் நின்று லாக் கதவைத் தள்ளும் வேலை உங்களுக்குக் கொஞ்சமாவது பிடிக்க வேண்டும்.

அதைத் தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. பிப்ரவரியில் ஒரு வாரம் வாடகைக்கு ஒரு நேரோபோட் எடுங்கள், அதிலிருந்தே வேலைக்குப் போய் வாருங்கள். ஜூலையில் எடுத்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அங்கே கால்வாயில் சொந்தப் படகை ஓட்ட ஓட்டுநர் உரிமம் தேவையில்லை, வேக வரம்பு மணிக்கு நான்கு மைல்தான். ஆனாலும் ஆர்ஒய்ஏ என்ற படகோட்டிகள் சங்கம் நடத்தும் சின்னப் பயிற்சி ஒன்றில் சேருங்கள். லாக்கில் கீழே இறங்கும்போது பின்பக்கக் கதவடியில் கல் படி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். படகின் பின்பாகம் அதில் தட்டி நின்று, தண்ணீர் மட்டும் இறங்கினால் படகு சில நிமிடங்களில் மூழ்கும். இதைப் படித்துத் தெரிந்துகொள்வது போதாது, யாராவது கூட நின்று காட்ட வேண்டும். சர்வதீர்த்தத்திலும் அய்யங்கார்குளத்திலும் குதித்த தலைமுறை வேறு. உங்களில் பலருக்கு நீச்சல் தெரியாது. கால்வாய் ஆழமில்லை, ஆனால் குளிர்காலத் தண்ணீரில் விழுந்த முதல் நிமிடமே மூச்சைத் திணறடிக்கும். மிதவைச் சட்டை வாங்குங்கள், வாங்கியதை மாட்டுங்கள், நீச்சல் குளத்தில் சேருங்கள்.

ஏற்கெனவே படகில் குடியிருக்கும் நம் ஊர்க்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் கூடும்போது கோடையில் எடுத்த படங்களை மட்டும் புதிதாக வந்த பிள்ளைகளுக்குக் காட்டாதீர்கள். ஜனவரி மாதச் செலவுக் கணக்கையும் காட்டுங்கள், சர்வே அறிக்கையைக் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள், ஒரு சனிக்கிழமை அவர்களோடு போய்ப் படகு பாருங்கள்.

தேடத் தொடங்கியவர்கள், பிடித்த படகின் நீளம், கட்டிய வருடம், கட்டியவர் பெயர், என்ஜின் எது, கடைசியாகத் தார் பூசிய தேதி, கட்டப்போகும் இடம் ஆகியவற்றை எழுதி எனக்கு அனுப்புங்கள். பணம் கட்டிய பிறகு அல்ல, கட்டுவதற்கு முன்பு.

அன்புடன்,
அண்ணன்
பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்